தோளில் ரெண்டு தட்டு

கல்பாக்கம் ஊழியர் குடியிருப்பில் சியாமளா வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் தெருப்பெயர் சொன்னதில்லை. "கரடி வீடா?" என்று ஒரு தடவை உறுதி செய்துகொண்டு கையை நீட்டுவார்கள். மற்ற வீட்டுக் கூடங்களில் கல்யாணப் படமும் ஏழுமலையானும் இருக்கும் இடத்தில் அந்த வீட்டில் கரடிகள் தொங்கின. புற்றுக்குள் மூக்கைவிட்ட கரடி, பேரிக்காய் மரத்தில் கிளையோடு மல்லுக்கட்டும் கரடி, எஸ்டேட் கோயில் விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டு மூஞ்சியெல்லாம் பிசுக்காக வெளியே வரும் கரடி. எல்லாம் அவள் கணவர் ஹரிகிருஷ்ணன் எடுத்தவை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்தில் வரும் சொந்தக்காரர்கள் எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுவது என்று தெரியாமல் முழிப்பார்கள்.

இப்போது அந்தக் குடியிருப்பில் அவர்கள் இல்லை. சியாமளாவும் ஓய்வு பெற்றதும் புதுப்பட்டினத்தில் கட்டிய வீட்டுக்குக் குடிவந்துவிட்டார்கள். பழைய போர்வைகளில் சுற்றிக் கொண்டுவந்த கரடிகளுக்கு ஆணி அடித்ததுதான் புதுமனையில் நடந்த முதல் வேலை. பால் காய்ச்சியதுகூட அப்புறம்தான். ஆனால் அந்தத் தடவை ஆணியைச் சரியான இடத்தில் வைக்க ஹரிகிருஷ்ணனால் முடியவில்லை. சுவரில் வைத்துப் பிடித்த ஆணியின் தலையே அவருக்குத் தெரியவில்லை. சியாமளாதான் சுத்தியலை வாங்கிக்கொண்டாள்.

அவளைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். அவள் வேலை பார்த்தது அணுமின் நிலையத்தில், கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில். கையில் அளவுமானியோடு நின்று, உள்ளே வேலை செய்கிறவர்கள் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று பார்த்து, நேரம் வந்ததும் "போதும், வெளியே வாங்க" என்று சொல்லவேண்டும். ஒரே ஒரு திருகுதான் பாக்கி என்று பெரிய பெரிய ஆட்கள் கெஞ்சுவார்கள். அவள் மசியமாட்டாள். அதனால் அவளுக்குப் 'போதும்மா' என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கு அது தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பிரிவில் மூன்றே மூன்று வேதவாக்கு. நேரம், தூரம், மறைப்பு. ஆபத்துக்குப் பக்கத்தில் அதிக நேரம் நிற்காதே, எட்டி நில், நடுவில் ஒரு சுவரை வைத்துக்கொள்.

அவள் பிறந்தது திருப்போரூரில். அப்பா பஸ் கண்டக்டர். ஹரிகிருஷ்ணன் செய்யூர்ப் பக்கம், வேர்க்கடலை போட்ட குடும்பம், மின்னணுக் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலை. நாகர்கோவில் தொடங்கி ஓசூர் வரைக்கும் உள்ள தமிழெல்லாம் பேசப்பட்ட அந்தக் குடியிருப்பில் 'இருக்கு' என்பதைக் 'கீது' என்று சொன்னவர்கள் இவர்கள் இரண்டு பேரும், பணியாளர் பஸ் ஓட்டிய பெஞ்சமினும்தான். சொந்த ஊரிலேயே வெளியூர்க்காரர்கள் மாதிரி மூன்று பேரும் ஒட்டிக்கொண்டார்கள்.

கரடி எப்படி வந்தது? விடுமுறைப் பயணச் சலுகையில் வந்தது. மத்திய அரசு ஊழியர்களுக்கு அது ஒரு திருவிழா. ஒருத்தர் காஷ்மீர் போவார், இன்னொருத்தர் அந்தமான் போய்வந்து ஆறு மாதம் அதையே பேசுவார். மகள் வைஷாலி சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஹரிகிருஷ்ணன் கோத்தகிரி போகலாம் என்றார். அங்கே தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் கரடி நடமாட்டம் உண்டு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். யானையும் புலியும் படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்தே மிடுக்காக நடக்கின்றன, கரடிக்கு அந்த நினைப்பே இல்லை, ஞாயிற்றுக்கிழமை தலை சீவாமல் கறிக்கடைக்குப் போகிற மனிதன் மாதிரி வருகிறது, அதனால்தான் அதைப் பிடிக்கிறது என்பார் அவர். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் யானை இருக்கிறது, மான் இருக்கிறது, தவம் செய்யும் பூனைகூட இருக்கிறது, கரடியை மட்டும் அவர் எவ்வளவு தேடியும் கண்டதில்லை. செதுக்கியவன் பக்கத்தில் போகப் பயந்திருப்பான் என்று முடிவு கட்டிவிட்டார்.

முதல் பயணத்திலேயே செத்துப் பிழைத்தார்கள். அதற்குக் காரணம் சியாமளாவின் மூன்று வேதவாக்குதான்.

வைஷாலியைத் தங்கியிருந்த வீட்டு அம்மாளிடம் விட்டுவிட்டு இருவரும் எஸ்டேட் பாதையில் நடந்தார்கள். சரிவின் அடியில் ஒரு கரடி புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தது. சியாமளா உடனே கணக்குப் போட்டாள். நேரம், கொஞ்சம் போதும். தூரம், நிறைய இருக்கிறது. மறைப்பு? அதோ, ஆள் உயரப் பாறை. இருவரும் செருப்புச் சத்தம்கூட இல்லாமல் போய்ப் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். அவர் பாறை இடுக்கு வழியாகக் கேமராவை நீட்டிக் காத்திருந்தார். கரடி புற்றை விட்டு எங்கோ நகர்ந்துவிட்டது. பாறை மறைத்ததால் எங்கே போனது என்று இவர்களுக்குத் தெரியவில்லை. இவர்கள் இருப்பது கரடிக்கும் தெரியவில்லை.

பிறகு அந்த மூச்சுச் சத்தம் கேட்டது, பாயசத்தைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சுவது போல. சியாமளா திரும்பினாள். பாறையின் மறுபக்கத்திலிருந்து கரடியின் தலை வெளியே வந்தது. இங்கே கூடம் என்றால் அங்கே சமையலறை, அவ்வளவுதான் இடைவெளி. அவளுக்குக் குரல் வரவில்லை. கை மட்டும் தானாக எழுந்து கணவரின் தோளில் ரெண்டு தட்டு தட்டியது.

அது அவள் அப்பாவின் தட்டு. விசில் கெட்டுப்போன நாட்களில் பஸ்ஸின் தகரத்தைத்தான் அவர் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நில். ரெண்டு தட்டு என்றால் ரைட், கிளம்பு. விளையாடுகிறாளாக்கும் என்று சிரித்துக்கொண்டே திரும்பிய ஹரிகிருஷ்ணனின் சிரிப்பு பாதியில் நின்றது. கரடி அதிர்ந்துபோய் இரண்டு காலில் எழுந்து நின்று காற்றை முகர்ந்தது. ஓடவேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் சியாமளாவுக்கு அதற்குள் தொழில் குரல் வந்துவிட்டது. "போதும், போதும், போயிடறோம்" என்று அளவுமானி பிடித்த அதே குரலில் சொல்லிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் நடந்தாள். எதிரில் இருப்பது மனிதர்கள்தான் என்று புரிந்ததும் கரடி ஒரு உறுமலோடு சரிவில் இறங்கி ஓடியது.

தங்கிய வீட்டில் சூடாகக் காபி குடித்த பிறகு அவள் யோசித்தாள். கதிர்வீச்சுக்குப் பயம் கிடையாது. நீ சுவருக்குப் பின்னால் நின்றால் அது பாட்டுக்கு இருக்கும். கரடிக்குப் பயம் உண்டு. திடீரென்று எதிரில் முளைக்கிறவன்மேல்தான் அது பாயும். ஒளிந்துகொள்வதைவிடப் பெரிய முட்டாள்தனம் அங்கே வேறு இல்லை. அன்றைக்கு மறைப்பை அடித்துவிட்டு அந்த இடத்தில் சத்தம் என்று எழுதிக்கொண்டாள், மனதில்தான். நேரம், தூரம், சத்தம்.

அன்றிலிருந்து இருபது வருடத்துக்கு மேல் ஒரே நடைமுறைதான். வெயில் ஏறிய பிறகுதான் கிளம்புவார்கள். எஸ்டேட்காரர்களிடம் சொல்லிவிட்டு, பாதையை விட்டு விலகாமல், காட்டுக்குள் காலடி வைக்காமல். தின்பண்டம் எதுவும் கையில் கிடையாது. கார் எப்போதும் வந்த வழியைப் பார்த்து நிற்கும். அவர் கண் கேமராவில், அவள் கை அவர் தோளில், அவள் பார்வை அவருக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும். படம் எடுக்கிறவன் குருடன், அவனுக்கு அந்தச் சதுரத்துக்கு வெளியே உலகமே கிடையாது என்பாள். ஒரு தட்டு விழுந்தால் நிற்கவேண்டும். ரெண்டு தட்டு விழுந்தால் கேள்வி கேட்காமல் பின்வாங்கவேண்டும்.

சத்தத்துக்கு என்ன செய்வது? பாட வராது அவளுக்கு. ஆனால் அப்பா கத்திக் கத்தி மனதில் பதிந்துபோன ஒன்று இருந்தது. "கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம்..." நீலகிரித் தேயிலைச் சரிவில் பழைய மகாபலிபுரம் சாலையின் நிறுத்தங்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன. இலை பறிக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள். திருப்போரூர் வந்ததும் மறுபடி திரும்பி அடையாறு நோக்கிப் போவாள். ஹரிகிருஷ்ணன் கரடியைக் கேட்பார், நீ எங்கே இறங்கவேண்டும் என்று. அந்த நாட்கள் எவ்வளவு நன்றாக இருந்தன என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது. முழங்கால் வலிக்கிறது, மழை வருகிறது, டீ ஆறிவிட்டது என்று சண்டை போட்டுக்கொண்டே கழித்துவிட்டார்கள்.

ஒரு மனத்தாங்கல் மட்டும் இருந்தது. ஒரு தடவை தாய்க்கரடி முதுகில் இரண்டு குட்டிகளைச் சுமந்துகொண்டு தேயிலை நடுவே வந்தது. ஹரிகிருஷ்ணன் வாழ்நாளெல்லாம் தேடிய காட்சி. பொத்தானை அமுக்கப்போகும் நேரத்தில் தோளில் ரெண்டு தட்டு. கரடி அவர்கள் நின்ற பாதைக்கே வந்துகொண்டிருந்தது. அவர் ஒரு வார்த்தை பேசாமல் பின்வாங்கினார், வழி விட்டார்கள், கரடியும் போய்விட்டது. பேசாமல் இருந்தது அன்றைக்கு மட்டும்தான். அதற்கப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும், காபி தம்ளரை வைப்பதற்கு முன்னால், சுவரில் அதற்கென்றே விட்டுவைத்த காலி இடத்தைக் காட்டி, "அந்தப் படம் போனது இவளாலதான்" என்பார். கேட்டவர்கள் கரடி விடுகிறார் என்று நினைத்துச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று ஒரு முள் குத்தும்.

இப்போது அவர் கண்ணுக்கு வருவோம். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிறது என்று சென்னை மருத்துவர் சொல்லிவிட்டார். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டுப் பார்த்தார்கள். நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு அழுக்குப் புகை. ஓரங்கள் மட்டும் தெளிவாக இருந்தன. மனைவி முகத்தைப் பார்க்கவேண்டுமானால் அவள் காதுக்கு அந்தப் பக்கம் பார்ப்பார். சியாமளாவுக்கு அதைப் பழகிக்கொள்ள வெகுநாள் பிடித்தது. யாரோ தனக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பாள்.

ஒருநாள் காலையில் அவர் சொன்னார், ஓரமும் போவதற்குள் ஒரு தடவை கோத்தகிரி போகவேண்டும் என்று. தாயும் ரெண்டு குட்டியும். அது கிடைத்தால் போதும், கேமராவை மூட்டை கட்டிவிடலாம். கேமராவை யார் பிடிப்பது என்று அவள் கேட்டாள். அவர் அவள் காதுக்கு அந்தப் பக்கமாகப் பார்த்தார்.

சிறுசேரியில் கணினி நிறுவனத்தில் இருக்கும் வைஷாலி கேள்விப்பட்டதும் சிவபூஜையில் கரடி நுழைந்த மாதிரி அரைநாள் விடுப்புப் போட்டு வந்து நின்றாள். "அப்பாவுக்குக் கண்ணு தெரியாது, உனக்குக் கேமரா தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்து கரடிகிட்ட போறீங்களா?" என்று கேட்டாள். கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. சியாமளாவுக்கே அன்றைக்கு முழுக்க அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. பாதுகாப்பு வேலை பார்த்தவள் அவள். ஒத்துக்கொள்ளக்கூடாது என்று அறிவு சொல்லியது. ஒத்துக்கொள்ளாவிட்டால், அவர் பார்க்க முடிகிற கடைசி மலையைத் தடுத்தவளாகி, இந்த வீட்டிலும் அவர் விட்டுவைத்த அந்தக் காலி இடத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். கடைசியில் அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தட்டு விதி மாறக்கூடாது. இந்தத் தடவை தட்டுகிற கை அவருடையது, கேட்கிற தோள் அவளுடையது.

கேமரா பழகச் சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குப் போனார்கள். படகில் உட்கார்ந்த நாயைத்தான் கரடியாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். நூறு நாய்ப் படங்கள் எடுத்து முடிப்பதற்குள் அந்த நாய் இவர்களைக் கண்டாலே எழுந்து போகத் தொடங்கிவிட்டது.

பெஞ்சமின் தன் காரில் அழைத்துப்போனார். ஓய்வு பெற்றும் அவருக்குப் பணியாளர் பஸ் ஓட்டும் நினைப்புப் போகவில்லை. கோத்தகிரி எஸ்டேட் பாதையில் காரைத் திருப்பி, வந்த வழியைப் பார்க்க நிறுத்திவிட்டு, "நான் இங்கியே கீறேன் அண்ணாத்த. அக்கா சொன்னா கேட்டுக்கினு வந்துடு" என்றார். பிறகுதான் இந்தத் தடவை விதி மாறியிருப்பது ஞாபகம் வந்தது. "அக்கா, நீயும் அவர் சொன்னா கேட்டுக்க" என்று சேர்த்துக்கொண்டார்.

சியாமளா கேமராவோடு முன்னால் நடந்தாள். தோளில் அவர் கை. சத்தம் போடும் பொறுப்பும் இப்போது அவருக்குத்தான். "சோழிங்கநல்லூர், நாவலூர், கேளம்பாக்கம், படூர்..." என்று அவர் கூவினார். கேளம்பாக்கத்துக்கு முன்னால்தான் படூர் வரும் என்று திருத்த அவளுக்கு நாக்கு துடித்தது. செய்யூர்க்காரருக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டாள்.

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள், வெயில் நன்றாக ஏறிய பிறகு, எதிர்ச் சரிவில் கறுப்பாக ஏதோ நகர்ந்தது. சியாமளா கேமராவைக் கண்ணில் வைத்தாள். தாய்க்கரடி. முதுகு மயிரைப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டி.

"இன்னா தெரியுது?" என்று அவர் காதோரம் கேட்டார்.

அவள் பார்த்ததையெல்லாம் சொன்னாள். தாயின் நெஞ்சில் வெள்ளைப் பட்டை, குட்டியின் காது, அது கொட்டாவி விட்டது. சொல்லிக்கொண்டே எடுத்தாள். ஒரு குட்டிதான் இருக்கிறது, இன்னொன்று பின்னால் வந்துகொண்டிருக்கும், வந்து ஏறிக்கொண்டால் போதும், அந்தச் சுவர் நிறைந்துவிடும். மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். இத்தனை வருடம் தள்ளி நின்று கேலி செய்த அந்தச் சதுரம் அவளையும் விழுங்கிவிட்டது.

தோளில் ரெண்டு தட்டு விழுந்தது.

தாய் எங்கோ தூரத்தில் இருக்கிறது. முன்னால் ஒன்றும் இல்லை. இவருக்குக் கண்ணும் தெரியாது. இன்னும் ஒரே ஒரு படம் என்று அவள் வாய்வரை வந்துவிட்டது. ஒரே ஒரு திருகுதான் பாக்கி என்று கெஞ்சிய அத்தனை முகங்களும் அப்போது ஞாபகம் வந்தன. அவள் கேமராவை இறக்கினாள்.

இடது பக்கம், கொஞ்சம் பின்னால், உண்ணிச்செடிப் புதரிலிருந்து இன்னொரு குட்டி வெளியே வந்துகொண்டிருந்தது. கையை நீட்டி நாலு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம். அவர்கள் நின்றது தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில். அதைவிட மோசமான இடம் அந்த மலையில் வேறு இல்லை. நேராகப் பார்த்தால் புகையாகத் தெரிகிற கண், ஓரத்தில் அசைந்த கறுப்பைப் பிடித்துவிட்டது.

எதிர்ச் சரிவில் தாய் தலையைத் தூக்கி எழுந்து நின்றது. ஹரிகிருஷ்ணன் அவள் தோளை விடவில்லை. "போதும், போதும், போயிடறோம்" என்று அவள் குரலையே கடன் வாங்கினவர் மாதிரி நிதானமாகச் சொல்லிக்கொண்டு, அவளையும் இழுத்துக்கொண்டு, புதரை விட்டு விலகி மேல்பக்கமாகப் பின்னால் நடந்தார். கால் இடறியது, விழவில்லை. குட்டிக்கு வழி கிடைத்தது. அது கத்திக்கொண்டே சரிவில் உருண்டு புரண்டு தாயிடம் ஓடி, பின்னங்காலைப் பிடித்து ஏறி, முதல் குட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. தாய் இவர்களை ஒரு முறை பார்த்தது. பிறகு இரண்டு பிள்ளைகளையும் சுமந்துகொண்டு, தேயிலை நடுவே, வெயிலில், அவசரம் இல்லாமல் போனது.

கேமரா சியாமளாவின் மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அவள் கணவர் கையைப் பிடித்திருந்தாள். கண்ணீர் வழிந்தது. பயத்தாலா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அப்படியே கார்வரைக்கும் நடந்தார்கள். பெஞ்சமின் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

புதுப்பட்டினம் வந்து சேர்ந்த அடுத்த வாரம், எடுத்த படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டம் மாட்டி வாங்கிவந்தாள். காலி இடத்தில் மாட்டினாள். ஹரிகிருஷ்ணன் கிட்டத்தில் போய், தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, கண்ணோரத்தால் வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு குட்டிதான் கீது" என்றார்.

"ஆமா. ரெண்டாவது ஏறும்போது நான் பின்னால நடந்துகினு இருந்தேன்" என்றாள் சியாமளா. பிறகு, இத்தனை வருடமாகத் தன் காதில் விழுந்த அதே குரலில், அதே இழுப்போடு, சுவரைக் காட்டிச் சொன்னாள். "அந்தப் படம் போனது உங்களாலதான்."

அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் போய்வந்தவர் மாதிரி சிரித்தார். அவளும் சிரித்தாள், இந்தத் தடவை முள் எதுவும் குத்தவில்லை. அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. அவள் போகத் திரும்பினாள். அவர் கையை நீட்டி, காற்றில் கொஞ்சம் தேடி, அவள் தோளைக் கண்டுபிடித்து, ஒரு தட்டு தட்டினார்.

பால் பொங்கி வழிந்தது. சியாமளா நின்றாள்.